நகல் எடுக்கப்பட்டது

எனக்கு வாசிக்கப் பிடிக்காது. வாசிப்புக் கருவிகளைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் இப்படிச் சொல்லக் கூடாதுதான்; ஆனால் உண்மை அதுதான். அதிலும் கணினித் திரையில் கட்டம் கட்டிக்கொண்டு வருகிற எச்சரிக்கைகளை நான் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. கட்டம் வரும். 'ஆம்' என்பதை அழுத்துவேன். கட்டம் போய்விடும். பத்தொன்பது வருடம் இப்படித்தான் ஓடியது. அதை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். 'இவன் எப்ப வாசிச்சு முடிச்சு, எப்ப வேலை நடக்க' என்று வாய்விட்டே கேலி செய்திருக்கிறேன். அந்தத் திமிரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். எழுதும்போதே காது சுடுகிறது.

என் பெயர் ஜெபசிங். பாளையங்கோட்டையில் ஒரு பேச்சுப் பயிற்சி மையத்தில் டெக்னீஷியன். பக்கவாதம் வந்து கை கால் தேறி, பேச்சு மட்டும் தேறாமல் போனவர்கள் வருகிற இடம். அமலி மேடம் பயிற்சி கொடுப்பார். அவர்கள் கையில் வைத்திருக்கும் ரீடர்களை நான் பார்த்துக்கொள்வேன். ரீடர் என்றால் கடையில் விற்கிற மின்நூல் கருவி மாதிரித்தான் இருக்கும், ஒரு நோட்டுப் புத்தகத்தின் அளவு. உள்ளே நடக்கிற காரியம்தான் வேறு.

ஆறு வருடத்துக்கு முன்னால் விசாலி தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு முதன்முதலாக வந்தபோது, அதை அவளுக்கு விளக்கியது நான்தான்.

"அம்மாவுக்கு எழுத்து மறந்துபோச்சா சார்?"

"எழுத்து மறக்கலம்மா. சொல்லுதான் கிடைக்க மாட்டேங்கு. வீட்டுல சாமான் எல்லாம் இருக்கு, எது எந்த அலமாரியிலன்னு தெரியல. அவ்வளவுதான்."

"இது என்ன செய்யும்?"

"மேல கேமரா இருக்கு பாத்தியா? அம்மா வாசிக்கும்போது அவங்க கண்ணப் பாத்துக்கிட்டே இருக்கும். ஒரு சொல்லுல கண்ணு முட்டி நின்னுட்டுன்னு வையி, அத எடுத்துட்டு வேற சொல்லு போடும். அதுலயும் நின்னா இன்னொண்ணு. எந்தச் சொல்லுல கண்ணு தட்டாமப் போகுதோ, அத மூட்டையில கட்டி வச்சிக்கிடும். அடுத்த தடவ நேரா அதையே போடும்."

"பேச்சு வருமா சார்?"

"நினைச்சுப் பேச வராது. வாசிச்சுப் பேச வரும். அவங்க கண்ணு போற போக்குல என்ன சொல்ல வாராங்கன்னு ரீடரு யூகிக்கும். மூட்டையில இருந்து சொல்ல எடுத்துப் போடும். அம்மா அத வாசிப்பாங்க. கேக்கிறவங்களுக்குப் பேசின மாதிரி இருக்கும்."

விசாலி அம்மாவைப் பார்த்தாள். அம்மா ரீடரைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், எங்கேயாவது காலாவதி தேதி போட்டிருக்கிறதா என்று தேடுவதுபோல.

அவர்தான் உலகம்மாள் சிஸ்டர். முப்பத்தொரு வருடம் அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் செவிலியராக இருந்தவர். பக்கவாதம் மற்ற எல்லாச் சொற்களையும் வாரிக்கொண்டு போனாலும், அந்த வார்டின் சொற்களைத் தொடவில்லை. ரீடர் கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கண்டுபிடித்துவிட்டது. 'சந்தோஷம்' என்று வருகிற இடத்தில் அவருக்கு 'அழுதுட்டு' என்று போடும். பிள்ளை பிறந்து குரல் கொடுத்துவிட்டால் அந்த அறையில் இருக்கிற எல்லோருக்கும் உயிர் திரும்புமே, அந்த 'அழுதுட்டு'. 'பயம்', 'ஆபத்து' எல்லாமே 'அழல', பிறந்த பிள்ளை இன்னும் அழவில்லை என்று. 'பொறுமை' என்றால் 'இன்னும் ரெண்டு விரல்', கருப்பை வாய் இன்னும் அவ்வளவு திறக்க வேண்டும் என்று. 'கோபம்' என்றால் 'டியூட்டி டாக்டர்'. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை அவர் இந்தச் சொற்களோடுதான் வாசித்தார். 'அவளைக் கண்டதும் அவன் முகத்தில் அழுதுட்டு பொங்கியது' என்று உரக்க வாசித்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். அவருக்கு அது சரியாகப் புரிந்திருந்தது.

மகளின் பெயருக்குத்தான் சொல் கிடைக்கவே இல்லை. 'விசாலி'யில் கண் முட்டியது. 'மகள்', 'பிள்ளை', 'பாப்பா', 'கண்ணு', எதுவும் ஆகவில்லை. மூன்று வருடம் ரீடர் சளைக்காமல் போட்டுப் பார்த்தது. ஒரு நாள், என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது, 'மூணாம் நம்பர்' என்று போட்டது. கண் தட்டாமல் போனது. சிஸ்டர் தலையை நிமிர்த்தி, விசாலியைப் பார்த்து, தெளிவாக, "மூணாம் நம்பர்" என்று கூப்பிட்டார்.

அதே வார்டில் மூன்றாம் நம்பர் கட்டிலில்தான் அவர் விசாலியைப் பெற்றாராம். விசாலி என் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். "எங்கம்மா என்னையப் பேர் சொல்லிக் கூப்பிட்டு மூணு வருசம் ஆச்சு சார்." எனக்கும் ஒரு பெயர் கிடைத்திருந்தது. ரீடருக்கு வயரைச் செருகுகிறவன் என்பதால் நான் 'ட்ரிப்ஸ்'. மையத்துக்குள் நுழையும்போதே, "ட்ரிப்ஸ்!" என்று குரல் வரும். எனக்குப் பெருமையாக இருக்கும்.

இந்த வருடம் ஆனி மாதம் விசாலிக்கு எட்டு மாதம். ரீடரோடு வந்தாள்.

"சார், இப்பல்லாம் ஒரு சொல்லு வர அரை நிமிசம் ஆகுது. அம்மா கையைப் பிசைஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கா. பிரசவத்துக்கு அவதான் என்கூட நிக்கப் போறா. அங்க போயி இது முழிச்சிக்கிட்டு நிக்கக் கூடாதுல்லா?"

"மூட்டை பெருசாயிட்டும்மா. உள்ள இருந்து ரீடர ஓட்டுற பழைய நிலைபொருளுக்குத் தூக்க முடியல. அப்டேட் வந்திருக்கு. வர வெள்ளிக்கிழமை பதினாலு ரீடருக்கும் சேத்துப் போடுதேன். முதல்ல உங்கம்மாவுக்குத்தான்."

"நல்லாப் பாத்துச் செய்யுங்க. வலி வந்தா எனக்குக் கைகால் ஓடாது. 'இன்னும் ரெண்டு விரல், முக்காத'ன்னு எங்கம்மா சொன்னாத்தான் எனக்குத் தைரியம்."

"நான் இருக்கேன்லா" என்றேன். இந்தச் சொல்லை நினைத்தால் இப்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

அப்டேட் போடுவதற்கு மையத்தில் ஒரு கட்டாயம் உண்டு. முதலில் ரீடரில் இருக்கிற மூட்டையைக் கணினிக்கு நகல் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் புது நிலைபொருளை ஏற்ற வேண்டும். இதற்கென்று ஒரு பதிவேடு. பெயர், ரீடர் எண், 'நகல் எடுக்கப்பட்டது', 'அப்டேட் முடிந்தது', கையொப்பம் என்று ஐந்து கட்டம். நகல் எடுக்க ஒரு ரீடருக்கு நாற்பது நிமிடம் ஆகும். பதினாலு ரீடர் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான் என்ன செய்வேன் என்றால், காலையில் டீ குடித்துக்கொண்டே பதினாலு பேருக்கும் 'நகல் எடுக்கப்பட்டது' கட்டத்தில் டிக் போட்டு, கையெழுத்தையும் போட்டுவிடுவேன். அப்புறம் நேராக அப்டேட். ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட எதுவும் ஆனதில்லை. அமலி மேடம் பக்கத்தில் நின்றால் மட்டும் நல்ல பிள்ளையாக நகல் எடுப்பேன்.

இன்னொரு சங்கடம் கணினி. இந்த ரீடர்களைச் செய்த கம்பெனி நிலைபொருளை ஏற்றுகிற மென்பொருளைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டது. அது எங்களிடம் இருந்த பழைய கணினியில் மட்டும்தான் ஓடும். புதிதாக நன்கொடையில் வந்த மூன்று கணினிகளும் ரீடரை அடையாளமே கண்டுகொள்ளாது. அந்தப் பழையதை ஓடவைக்க என்னைவிட்டால் ஆள் இல்லை. மெமரியைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்து, தட்டிச் செருகி, விசிறியை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் உயிர் வரும். அந்த வெள்ளிக்கிழமை அது வரவில்லை. ரப்பர் போட்டுத் தேய்த்தேன். மூன்று முறை 'பீப்' என்று கத்திவிட்டு அடங்கிவிட்டது.

எதிரே உலகம்மாள் சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். விசாலி இளநீர் வாங்கப் போயிருந்தாள். அமலி மேடம் அடுத்த அறையில் பயிற்சியில் இருந்தார். முடியாது என்று சொல்ல என் வாய் வரவில்லை. மென்பொருளைப் புதுக் கணினியில் ஏமாற்றி ஓட வைத்துவிடலாம் என்று தோன்றியது. ரீடரை அதில் செருகினேன்.

திரையில் சிவப்பாக ஒரு கட்டம் வந்தது.

சிஸ்டர் அதைப் பார்த்தார். அவரால் ஒரு வரியும் வாசிக்க முடியாது. ரீடர் என் கையில் இருந்தது, அதனால் பேசவும் முடியாது. ரீடர் இல்லாமல் தானாக அவர் வாயில் வருகிற சொல் ஒன்றே ஒன்றுதான். எழுந்து, மேசைக்கு மேலாகக் குனிந்து, என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அழல" என்றார். "அழல. அழல."

"ஒண்ணும் இல்ல சிஸ்டர். பயப்படாதிய. இது சும்மா இப்படித்தான் மிரட்டும்" என்று சிரித்துக்கொண்டே அவர் கையை எடுத்துவிட்டு, 'ஆம்' அழுத்தினேன்.

கட்டம் போய்விட்டது. அதோடு மூட்டையும் போய்விட்டது.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த ரீடர் தன் நினைவகத்தை அடுக்கி வைத்திருக்கும் முறை புதுக் கணினிக்குத் தெரியாது. தனக்குப் புரியாததை அது காலி என்று நினைத்துக்கொள்ளும். காலியாக இருப்பதை ஒழுங்குபடுத்தவா என்று கேட்கும். நான் ஆம் என்று சொல்லியிருந்தேன்.

ரீடரை எடுத்துப் பார்த்தேன். வெள்ளைத் திரை. சிஸ்டர் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. "இருங்க, இன்னும் முடியல" என்று உள்ளே எடுத்துக்கொண்டு போனேன். பழைய கணினியின் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு வழியில் திறந்து பார்த்தேன். உலகம்மாள் என்ற பெயரில் ஆறு வருடத்து நகல் ஏதாவது இருக்க வேண்டும். பதிவேட்டின்படி பதினோரு நகல் இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. மொத்த டிஸ்க்கிலும் ஒரே ஒரு மூட்டைதான் இருந்தது. போன வருடம் இறந்துபோன சிதம்பரநாதன் என்பவருடையது. அவர் பத்திர எழுத்தர். அவருக்கு அப்டேட் போட்ட அன்றைக்கு அமலி மேடம் பக்கத்தில் நின்றிருந்தார், அதனால் நகல் எடுத்திருந்தேன். அவர் காலமான பிறகு அவர் வீட்டில், "அப்பா பேசினதெல்லாம் அதுல கிடக்கு, அழிச்சிருங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். அழித்துவிட்டேன் என்று அவர்களிடமும் சொல்லியிருந்தேன்.

அப்போதாவது வெளியே வந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். விசாலி இளநீரோடு திரும்பி வந்த சத்தம் கேட்டது. "முடிஞ்சுதா சார்?" என்று அவள் குரல். எனக்கு அந்த வெள்ளைத் திரையை அவளிடம் காட்டத் தைரியம் இல்லை. வெள்ளையாக இல்லாமல் ஏதாவது இருந்தால் போதும் என்று பட்டது. காலியாகிவிட்ட ரீடர் இப்போது புதுக் கணினிக்கு அடங்கியது; செத்துப்போனவருடைய மூட்டையை எடுத்து சிஸ்டரின் ரீடரில் ஏற்றினேன், ஏறியதும் அது பழையபடி தன் அடுக்குக்கே திரும்பிவிட்டது.

"முடிஞ்சுட்டும்மா. புது அப்டேட்டுல? ரெண்டு மூணு நாளு கொஞ்சம் தடுமாறும். பழகிரும்."

சிஸ்டர் ரீடரை வாங்கினார். ஏதோ சொல்லப் பார்த்தார். கண் திரையில் அலைந்தது. கடைசியில், "மேற்படி…" என்று வாசித்தார். அந்தச் சொல்லையே வெறித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டை எடுத்து, 'அப்டேட் முடிந்தது' கட்டத்தில் அவர் கண் முன்னாலேயே டிக் போட்டேன்.

ஒரு வாரத்தில் விசாலி போன் செய்தாள். அம்மா இட்லியைப் பார்த்து 'சொத்து விவரம்' என்கிறாராம். வலிக்கிறது என்பதற்கு 'வில்லங்கம்' என்கிறாராம். தன்னை 'வாரிசு' என்று கூப்பிடுகிறாராம். "கூப்பிட்டுட்டு அவளே முகத்தத் திருப்பிக்கிடுதா சார். அது நான் இல்லைன்னு அவளுக்கே தெரியுது."

அமலி மேடம் என்னிடம் வந்தார். "ஜெபா, இது என்ன, பத்திர ஆபீஸ் பாஷை? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"கம்பெனிக்காரன் புது நிலைபொருளோட ஏதோ பொதுச் சொல்லகராதியச் சேத்துட்டான் மேடம். கம்பேட்டிபிலிட்டி பிரச்சின."

"நகல் இருக்குல்லா? பழசப் போட்டுருங்க."

"நகலும் புதுசுல திறக்க மாட்டேங்கு மேடம்."

பொய் சொல்லச் சொல்ல எனக்கு நன்றாகவே வந்தது. அமலி மேடம் நேர்மையான மனுஷி. கம்பெனிக்கு மூன்று கடிதம் எழுதினார். 'பேச முடியாத ஒரு பெண்ணின் வாயில் யாருடையதோ சொற்களைத் திணிக்க உங்களுக்கு என்ன உரிமை?' என்று ஒரு வரி. அதை எனக்கு வாசித்துக் காட்டி, "சரியா இருக்கா?" என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன். கம்பெனியில் இருந்து, தங்கள் நிலைபொருளில் அப்படி எதுவும் இல்லை என்று பணிவாகப் பதில் வந்தது. மேடம் அவர்களைத் திட்டினார். நானும் சேர்ந்து திட்டினேன்.

மற்ற பதின்மூன்று பேருக்கும் பழைய கணினியைச் சரி செய்து, ஒழுங்காக நகல் எடுத்து, ஒவ்வொன்றாக அப்டேட் போட்டேன். அதில் ஒரு ஆறுதல் தேடினேன். கிடைக்கவில்லை.

ஆவணியில் குழந்தை பிறந்தது என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை. நாற்பது நாள் கழித்து விசாலியே வந்தாள், தோளில் பிள்ளையோடு. பின்னால் சிஸ்டர், மெலிந்துபோய், ரீடரை மார்போடு அணைத்துக்கொண்டு. வாசலில் 'ட்ரிப்ஸ்' என்ற குரல் வரவில்லை.

"பிள்ளை நல்லா இருக்கானா? பிரசவம் எல்லாம்…"

"சுகப்பிரசவம்தான்" என்றாள் விசாலி. உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். "அம்மா உள்ள வந்தா சார். எல்லாரும் அவகிட்ட வேல படிச்ச நர்சுங்கதான். 'சிஸ்டர் வந்துட்டாங்க'ன்னு வழி விட்டாங்க. எனக்கு வலி உச்சத்துல இருக்கு. அம்மா மூச்சு விடுன்னு சொல்லப் போயி, ரீடரப் பாத்து, 'சுவாதீனம் விடு, சுவாதீனம் விடு'ன்னு கத்துதா. ஒரு சின்ன நர்சு சிரிச்சிட்டா. அடக்கத்தான் பாத்தா, பாவம், முடியல. அம்மாவுக்கு அது தெரிஞ்சு போச்சு. ரீடரத் தூக்கிக் கட்டிலுக்குக் கீழ போட்டுட்டா. அப்புறம் அவ வாயில மிச்சம் இருந்தது அந்த ஒண்ணுதான். என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'அழல, அழல'ங்கா. பிள்ளை இன்னும் வரக்கூட இல்ல. பிரசவ ரூம்புல நின்னு அந்தச் சொல்லச் சொல்லலாமா சார்? அவ பயத்துலதான் சொல்லுதான்னு எனக்குத் தெரியும். ஆனா எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிட்டு. வெக்கமாவும் இருந்துது. 'அம்மாவ வெளிய கூட்டிட்டுப் போங்க'ன்னு நான்தான் கத்தினேன்."

சிஸ்டர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தொரு வருசம் அவ நின்ன ரூம்பு. அவ வராண்டாவுல பெஞ்சுல உக்காந்திருந்தா. பிள்ளை அழுத சத்தத்தக் கதவுக்கு வெளிய இருந்துதான் கேட்டா." விசாலி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "சரி விடுங்க. நான் எதுக்கு வந்தேன்னா, இத முழுசா அழிச்சிட்டு, முதல்ல இருந்து ஆரம்பிச்சுக் குடுங்க. இன்னும் ஆறு வருசம் ஆனாலும் ஆகட்டும். இந்தப் பத்திரப் பாஷை வேண்டாம்."

"அழிச்சிரலாம்மா" என்றேன்.

"ஒண்ணு மட்டும் சிரிப்பு சார், கேளுங்க. இந்தக் கூத்துக்குள்ள உங்களுக்கும் ஒரு பேரு வச்சிருக்கா. உங்க பேச்ச எடுத்தாலே அதத்தான் வாசிக்கா. அவளாத் தேடி எடுத்தது. ஒவ்வொரு தடவயும் அதேதான், மாறவே மாட்டேங்கு. அம்மா, இது யாரு? சொல்லு."

சிஸ்டர் ரீடரை உயர்த்தினார். இந்தத் தடவை கண் அலையவில்லை. நேராகப் போய் நின்றது.

"கள்ளக் கையெழுத்து" என்று வாசித்தார்.

"என்ன பேரு பாருங்க! எங்க இருந்துதான் பிடிச்சாளோ" என்று விசாலி சிரித்தாள்.

எங்கிருந்து என்று எனக்குத் தெரியும். சிதம்பரநாதனின் மூட்டையை நான் பல தடவை திறந்து பார்த்திருக்கிறேன். அவருக்கு 'பொய்' என்ற சொல் வராது. அந்த இடத்தில் ரீடர் அவருக்குக் கண்டுபிடித்துக் கொடுத்த சொல் அது. உலகம்மாள் சிஸ்டர் இத்தனை நாளும் என்னைப் பற்றி மகளிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். சொல்வதற்கு அவரிடம் இருந்த சொற்களை நான் அழித்திருந்தேன். அதனால் நான் ஏற்றிவிட்ட சொற்களுக்குள்ளேயே தேடி எடுத்திருக்கிறார். மகளுக்கு அது வேடிக்கையாகப் போய்விட்டது.

ரீடரை வாங்கிப் புதுக் கணினியில் செருகினேன்; அழிப்பதற்கு அதுவே போதும். சிஸ்டர் கொடுக்க மனமில்லாமல்தான் கொடுத்தார்.

அதே சிவப்புக் கட்டம் வந்தது.

இதை அழுத்தினால் போதும். எல்லாம் போய்விடும். செத்தவரின் சொற்கள், 'வாரிசு', 'வில்லங்கம்', எனக்கு வைத்த பெயர், எல்லாமே. அழிக்கச் சொல்லிக் கேட்பதே விசாலிதான். யாரும் என்னை ஒரு கேள்வி கேட்க முடியாது. அடுத்த ஆறு வருடத்தில் சிஸ்டர் எனக்கு வேறு நல்ல பெயராகக்கூட வைக்கலாம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், விரல் 'ஆம்' மேல் போய்விட்டது.

சிஸ்டர் இந்தத் தடவை என் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. 'அழல' என்றும் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கும் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கட்டத்தை வாசித்தேன். உரக்க வாசித்தேன்.

"'இந்த நினைவகத்தின் அமைப்பை இந்தக் கணினி அறியாது. தொடர்ந்தால் இதில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். அழிந்ததைத் திரும்பப் பெற முடியாது. நகல் இல்லையென்றால் தொடர வேண்டாம். தொடரவா?'"

ஐந்தே வாக்கியம்தான். வாசிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"என்ன சார் வாசிச்சிக்கிட்டு இருக்கிய? அழுத்துங்க, பிள்ளைக்குப் பசிக்கப் போகுது."

"அன்னைக்கு இத நான் வாசிக்கலம்மா."

"என்னைக்கு?"

"ஆனி மாசம். நீ இளநீர் வாங்கப் போயிருந்த. இதே கட்டம் வந்துது. உங்கம்மா என் கையைப் பிடிச்சுத் தடுத்தாங்க. நான் வாசிக்காம அழுத்திட்டேன். அம்மாவோட மூட்டை அன்னைக்கே போயிட்டு. கம்பெனிக்காரன் ஒண்ணும் பண்ணல. இது செத்துப்போன ஒரு பத்திர எழுத்தரோட மூட்டை. நான்தான் ஏத்தினேன். உன்கிட்ட வெறுந்திரையக் காட்டப் பயந்துக்கிட்டு."

விசாலிக்குப் புரிய நேரம் ஆனது. பிள்ளையின் முதுகைத் தட்டிய கை நின்றுவிட்டது.

"நகலு? ஒவ்வொரு தடவயும் எடுப்பியளே சார்."

பதிவேட்டை எடுத்து அவள் முன்னால் விரித்தேன். பதினோரு டிக். பதினோரு கையெழுத்து. "ஒண்ணுகூட எடுக்கல" என்றேன்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை. அம்மாவைத்தான் பார்த்தாள்.

"நீ எத்தன தடவ சொன்ன. நான் சிரிச்சேனேம்மா" என்றாள். "உன்ன வெளிய போகச் சொன்னேனே."

பிள்ளை விழித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தது. சிஸ்டர் கையை நீட்டி அதை வாங்கினார். மடியில் போட்டுக்கொண்டார். சத்தம் கேட்டு அமலி மேடம் அறை வாசலுக்கு வந்து, என்ன என்று கண்ணால் கேட்டார். அவரிடமும் இதையே இன்னொரு தடவை சொல்ல வேண்டும். அவர் எழுதிய கடிதங்களுக்கு மன்னிப்புக் கடிதம் நான் எழுத வேண்டும். சிதம்பரநாதன் வீட்டுக்கும் போக வேண்டும்.

முதலில் கட்டத்தில் 'இல்லை' என்பதை அழுத்தி, ரீடரைக் கழற்றி, சிஸ்டரின் பக்கம் வைத்தேன். அப்புறம் பேனாவை எடுத்து, பதிவேட்டில் பதினோரு இடத்திலும் 'நகல் எடுக்கப்பட்டது' என்பதை அடித்து, 'எடுக்கவில்லை' என்று எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் கீழே கையெழுத்துப் போட்டேன். ஒன்று மாதிரி ஒன்று இல்லை.

சிஸ்டர் ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் ரீடரை இழுத்துத் தன் முன்னால் வைத்தார். திரையை நிதானமாகத் தேடினார். நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். கண் ஓர் இடத்தில் நின்றது. விரலை மடக்கித் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"சாட்சி" என்றார்.

பதிவேட்டில் சாட்சிக்கு என்று கட்டம் கிடையாது. என் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஓரமாகக் கொஞ்சம் இடம் இருந்தது. பதிவேட்டைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தி, பேனாவைக் கொடுத்தேன்.